எபிசோட் 37: விளக்குக்கு ஆள் தெரியாது

இந்த எபிசோட் என் லேப்டாப் பையிலிருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பழைய பையைத் துவைக்கப் போடலாம்னு காலி பண்ணிட்டு இருந்தேன். உள் ஜிப்பில் ஒரு உலோகத் தகடு. ராணுவ வீரர்கள் கழுத்தில் போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி. கூடவே ஒரு சங்கிலி, அதன் நுனியில் கட்டைவிரல் அளவில் மரத்தால் செஞ்ச ஒரு குட்டி லைட் ஹவுஸ். பார்த்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அது என்னுடையது இல்லை. 8 மாசம் முன்னாடி, 13,000 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவில் ஒரு பெட்டிக்குள்ள நான் திருப்பி வச்சிருக்க வேண்டிய பொருள்.

அந்தத் தகடு என்ன, அது ஏன் லைட் ஹவுஸ் லைட் ஹவுஸா சுத்துது, அதைக் கையில் வச்சுக்கிட்டு நான் எந்த வரலாற்றுக்குள்ள போய் விழுந்தேன் என்பதுதான் இன்னைக்குக் கதை. நடுவுல ஒரு ஜப்பானிய விமானியும் வருவார், நம்ம எம்டன் கப்பலும் வரும்.

ஒரு வாளி, ஒரு பீன்ஸ் டப்பா

ஜியோகேச்சிங் பத்திக் கேள்விப்படாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒருத்தர் ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளிச்சு வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நீங்க ஜி.பி.எஸ். வச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கிற நோட்டில் பேரை எழுதிட்டு, பெட்டியை அதே இடத்தில் வச்சுட்டு வரணும். பரிசு எதுவும் கிடையாது. உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கு.

இதில் ஒரு கிளை விளையாட்டுதான் 'டிராவல் பக்'. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தனி எண் பொறிச்சிருக்கும். சொந்தக்காரர் அதுக்கு ஒரு லட்சியம் எழுதி, ஏதாவது ஒரு பெட்டியில் விட்டுடுவார். கண்டெடுக்கிறவர் எடுத்துட்டுப் போய் இன்னொரு பெட்டியில் வைக்கணும், அதை இணையத்தில் பதியணும். அவ்வளவுதான். கூரியர் கிடையாது, காவல் கிடையாது. முகம் தெரியாதவங்க கை மாறிக் கை மாறித்தான் அது நகரும். நான் எடுத்த தகட்டின் லட்சியம் ஒரே வரி: ஓரிகன் கடற்கரையில் இருக்கிற கலங்கரை விளக்கங்களை எனக்கு ஒவ்வொண்ணா காட்டுங்க.

நான் அப்போ ஆன்சைட். போர்ட்லாண்ட் பக்கத்தில் சில மாசம் வேலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பீவர்கிரீக் என்ற ஊர்ப் பக்கம்தான் இந்த விளையாட்டே பிறந்தது. 2000-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி, டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர் அங்கே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைச்சு வச்சார். உள்ள சில புத்தகங்கள், சாஃப்ட்வேர், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா. இடத்தை ஒரு இணையக் குழுவில் போட்டார். சில நாளிலேயே ஆட்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. இப்போ அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கு. அதைப் பார்க்கப் போனப்போ, அந்தப் பக்கத்துப் பெட்டி ஒண்ணுலதான் இந்த லைட் ஹவுஸ் தகடு என் கைக்கு வந்தது.

ஏன் சரியா மே 3? ஒரு நாள் முன்னாடி வரைக்கும் அந்த விளையாட்டை விளையாடவே முடியாது. அதுக்குக் காரணம் அமெரிக்க அரசு.

வேணும்னே போட்ட தப்பு

ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்றேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துற செயற்கைக்கோள்கள். ஒவ்வொண்ணும் "நான் இன்னார், இப்போ மணி இத்தனை"ன்னு விடாம அறிவிச்சுக்கிட்டே இருக்கும். உங்க போன் குறைஞ்சது நாலு செயற்கைக்கோளின் குரலைக் கேட்டு, ஒவ்வொரு சிக்னலும் வந்து சேர எடுத்த நேரத்தை வச்சு இடத்தைக் கணக்குப் போடும். ரேடியோ அலை ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர் போகும். அதனால் கடிகாரம் நூல் பிசகினாலும் இடம் பிசகும்.

அமெரிக்க ராணுவம் கை வச்சது அந்தக் கடிகாரத்தில்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் நேரத்தை வேணும்னே கொஞ்சம் குழப்பி அனுப்பினாங்க. 'செலக்டிவ் அவெய்லபிலிட்டி'ன்னு பேரு. ராணுவத்துக்குத் துல்லியமான சிக்னல், மத்தவங்களுக்குச் சுமார் 100 மீட்டர் வரை பிழை. 100 மீட்டர் பிழையில் காட்டுக்குள்ள ஒரு வாளியைத் தேடிப் பாருங்க, புரியும். காரணம் என்னன்னா எதிரி பயம். துல்லியமான சிக்னல் எல்லாருக்கும் கிடைச்சா, எதிரியின் ஏவுகணைக்கும் கிடைக்குமே!

இதில் ரெண்டு வேடிக்கை. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க வீரர்களுக்குக் கொடுக்க ராணுவ ரிசீவர் போதுமான அளவு இல்லை. கடையில் விக்கிற சாதாரண ரிசீவரை வாங்கிக் கொடுத்தாங்க. விளைவு, எதிரிக்காகப் போட்ட குழப்பம் சொந்த ஆட்களையே குழப்பும். அதனால் போர் நடக்கிற நேரத்தில் அதை நிறுத்தி வைக்க வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கிறது கடலோரக் காவல் படை. கப்பல் பாறையில் மோதாமல் பார்த்துக்கிறது அவங்க வேலை. 100 மீட்டர் பிழை துறைமுக வாயிலில் ஆளைக் கொல்லும். அதனால் 1990-களில் அவங்க கரையோரமா ரேடியோ நிலையங்கள் அமைச்சு, ஜி.பி.எஸ். எவ்வளவு தப்பு சொல்லுதுன்னு அளந்து, திருத்தத்தைக் கப்பல்களுக்கு அறிவிச்சாங்க. பிழை 10 மீட்டருக்குள்ள வந்துடுச்சு. ஒரே அரசாங்கம். ஒரு டீம் பக் போடுது, இன்னொரு டீம் அதுக்கு பேட்ச் போடுது. நம்ம ஆபீஸ்லயும் பார்த்திருக்கோம் இல்லையா?

2000 மே 1 அன்னைக்கு அதிபர் கிளிண்டன் இதை நிறுத்துறதா அறிவிச்சார். அன்னைக்கு நள்ளிரவே குழப்பம் நின்னது. ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த எல்லா ரிசீவரும் சுமார் 10 மடங்கு துல்லியமாச்சு. அறிவிச்ச ரெண்டாவது நாள் மே 3. வாளி வந்துடுச்சு.

101-ஆம் எண் சாலை

ஒரு நீண்ட வார இறுதி, வாடகை கார், பக்கத்து சீட்ல அந்தத் தகடு. ஓரிகன் கடற்கரையை ஒட்டியே 101-ஆம் எண் நெடுஞ்சாலை போகும். இடது பக்கம் ஊசியிலை மரங்கள், வலது பக்கம் பசிபிக். பார்க்க அழகு, கப்பலுக்கு எமன். பாறை, மூடுபனி, திடீர்ப் புயல்.

முதல் நிறுத்தம் நியூபோர்ட் ஊரில் யக்வினா ஹெட். 1873-ல் ஏத்தின விளக்கு, 93 அடி, ஓரிகனிலேயே உயரமானது. இருட்டும் வரை நின்னு பார்த்தேன். 2 நொடி எரியும், 2 நொடி அணையும், மறுபடி 2 நொடி எரியும், அப்புறம் 14 நொடி இருட்டு. திரும்பத் திரும்ப இதே தாளம். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. பக்கத்து விளக்கோட தாளம் வேற. மாலுமி எண்ணிப் பார்த்துட்டு "ஓ, இது யக்வினா"ன்னு சொல்லிடுவார்.

அங்கே நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் இதையேதான் செய்யுது. எல்லாம் ஒரே அலைவரிசை, ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனிக் குறியீடு. ஒலிபரப்பும், அவ்வளவுதான். யார் கேக்குறாங்கன்னு அதுக்குத் தெரியாது. விளக்குக்கும் யார் பார்க்குறாங்கன்னு தெரியாது. இருநூறு வருஷ இடைவெளி இருந்தாலும் அடிப்படை டிசைன் ஒண்ணுதான்.

அடுத்து ஹெசீட்டா ஹெட். 1894. குன்றுச் சரிவில் வெள்ளை கோபுரம். அதன் கண்ணாடி ஒரு ஃபிரெனல் லென்ஸ். ஃபிரெனல் ஒரு பிரெஞ்சு இன்ஜினியர். பெரிய லென்ஸை முழுசா வார்க்காம, கண்ணாடி வளையங்களா வெட்டி அடுக்கினா கனமும் குறையும், வெளிச்சமும் சிதறாதுன்னு காட்டினவர். 1823-ல் பிரான்சின் கோர்டுவான் விளக்கத்தில் முதல்ல பொருத்தினார். நாலு வருஷத்தில் காசநோயில் இறந்துட்டார், வயசு 39. அப்புறம் வந்த தலைமுறைகளில் எத்தனையோ மாலுமிகள் அவர் பேர் தெரியாமலே அவர் வெளிச்சத்தில் வீடு திரும்பியிருக்காங்க.

வடக்கே டில்லமூக் பாறை விளக்கமும் தகட்டோட பட்டியலில் உண்டு. ஆனா அது கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி கடலுக்குள்ள ஒத்தைப் பாறையில் நிக்குது. 1881 ஜனவரியில் வேலை முடியும் தறுவாயில் லுபேஷியா என்ற கப்பல் அந்தப் பக்கமே மோதி 16 பேர் செத்தாங்க. ஒரு நாய் மட்டும் தப்பிச்சது. விளக்கு ஏத்தினது அதுக்கு மூணு வாரம்கூட ஆகாத ஜனவரி 21 அன்னைக்கு. விளக்கு இல்லைன்னா என்ன ஆகும்னு யாருக்காவது சந்தேகம் வந்தா, அந்த மூணு வாரத்தை நினைச்சுக்கலாம்.

கேப் பிளாங்கோ, 1942

கடைசி நிறுத்தம் தெற்கே கேப் பிளாங்கோ. 1870-லிருந்து எரியுற விளக்கு. அன்னைக்குக் காத்து கார் கதவைத் திறக்க விடலை. தகட்டைக் கையில் பிடிச்சு கோபுரத்தோட ஒரு போட்டோ எடுத்தேன். எண்ணை விரலால் மறைச்சுத்தான் எடுக்கணும், இல்லைன்னா அதைப் பார்க்காமலே யார் வேணும்னாலும் பார்த்ததா பதிஞ்சுடுவாங்க.

இந்த இடத்தின் கதை இதுதான். 1942 செப்டம்பர் 9, அதிகாலை. ஓரிகன் கரைக்கு அப்பால் ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்தது. அதில் மடக்கி வச்சிருந்த ஒரு சின்னக் கடல் விமானத்தைப் பொருத்தி ஏவினாங்க. விமானி நொபுவோ ஃபுஜிதா, கூட ஒரு உதவியாளர், ரெண்டு தீக்குண்டுகள். நோக்கம், ஓரிகன் காடுகளைப் பத்த வைக்கிறது. கரையில் போர்க்கால இருட்டடிப்பு. ஆனா கேப் பிளாங்கோ விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. ஃபுஜிதா அதை அடையாளமா வச்சு வழி பிடிச்சு, புரூக்கிங்ஸ் ஊர்ப் பக்கம் காட்டில் குண்டைப் போட்டுட்டுப் போயிட்டார். செப்டம்பர் 29-ல் ராத்திரி மறுபடி வந்தார். மறுபடியும் அதே விளக்கு வழி காட்டியது.

காடு மழையில் நனைஞ்சிருந்ததால் தீ பரவலை. யாரும் சாகலை. ஆனா காடு காய்ஞ்சிருந்தா?

இதைப் படிச்சப்போ என் மனசு நேரா சென்னைக்கு ஓடிச்சு. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில். கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் கரைக்கு வந்தது. ஊரில் விளக்கெல்லாம் எரியுது. அப்போ மதராஸ் கலங்கரை விளக்கம் ஹைகோர்ட் கட்டடத்தின் கோபுரத்து உச்சியில். அதுவும் எரியுது. எம்டனுக்கு இடம் தேட வேண்டிய வேலையே இல்லை. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பத்திக்கிட்டு எரிஞ்சது. குறைஞ்சது ஐந்து பேர் இறந்தாங்க. ஊரே மூட்டை கட்டிக்கிட்டு ஓடிச்சு. "அவன் பெரிய எம்டன்டா"ன்னு இன்னைக்கும் வீட்டுல சொல்றாங்களே, அந்தச் சொல் அந்த ராத்திரியில் வந்தது.

மதராஸ், கேப் பிளாங்கோ, ஜி.பி.எஸ். மூணு இடத்திலும் ஒரே கேள்விதான். எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு வெளிச்சத்தை வச்சா, அது நம்மைக் கொல்ல வர்றவனுக்கும் தெரியும். அப்போ அணைக்கணுமா? அணைச்சா லுபேஷியா மாதிரி கப்பல்கள் மோதும். நண்பனுக்கு மட்டும் தெரியுற விளக்கை யாராலும் செய்ய முடியலை. ஜி.பி.எஸ்.ஸில் முயற்சி பண்ணாங்க, கடைசியில் சொந்த வீரர்களும் சொந்தக் கப்பல்களுமே மாட்டிக்கிட்டாங்க.

விட்டுக் கொடுத்ததும் ஒரே நாளில் நடக்கலை. 1983 செப்டம்பர் 1 அன்னைக்கு கொரியன் ஏர் 007 விமானம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள்ள போச்சு. சுட்டு வீழ்த்தினாங்க. 269 பேர் செத்தாங்க. தான் எங்கே பறக்கிறோம்னு அந்த விமானத்துக்குச் சரியாத் தெரியலை. அதுக்கப்புறம்தான் ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களுக்கும் இலவசமாக் கிடைக்கும்னு ரீகன் அரசு அறிவிச்சது. குழப்பம் போக இன்னும் 17 வருஷம் ஆச்சு. அந்தக் குழப்பத்தைப் போடுற வசதியே இனிமேல் செய்யுற செயற்கைக்கோள்களில் இருக்காதுன்னு 2007-ல் சொன்னாங்க.

ஆனாலும் மத்த நாடுகள் சும்மா இருக்கலை. சுவிட்ச் அடுத்தவன் கையில் இருக்கிற விளக்கை எத்தனை நாள் நம்புறது? ரஷ்யாவுக்கு கிளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ. நம்ம இஸ்ரோ 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோளை அனுப்பி ஆரம்பிச்சதுக்குப் பேர் நாவிக். ஆளுக்கொரு லைட் ஹவுஸ். உங்க போன் ஒரே நேரத்தில் இதில் பலதையும் கேட்டுத்தான் ஸ்விக்கி டெலிவரி பண்றவருக்கு உங்க வாசலைக் காட்டுது.

ஃபுஜிதா கதையில் ஒண்ணு பாக்கி. 1962-ல் புரூக்கிங்ஸ் ஊர்க்காரங்க அவரை விருந்தாளியா அழைச்சாங்க. அவர் தன் குடும்பத்தில் 400 வருஷமா இருந்த சாமுராய் வாளைக் கொண்டுவந்து அந்த ஊருக்கே கொடுத்துட்டார். அது இன்னும் அந்த ஊர் நூலகத்தில் இருக்கு. பின்னாடியும் சில தடவை போனார். 1997-ல் இறந்தப்போ, அவர் அஸ்தியில் கொஞ்சத்தை அவர் குண்டு போட்ட அதே காட்டில் வச்சாங்க.

மெரினா வரைக்கும்

இப்போ என் திருட்டுக்கு வருவோம். கேப் பிளாங்கோ முடிச்சதும் தகட்டைப் பக்கத்துப் பெட்டியில் வச்சிருக்கணும். "இன்னும் ஒரு விளக்கு காட்டிட்டு வைக்கலாம்"னு ஆசை. அடுத்த வாரம் ரிலீஸ், அடுத்த மாசம் ஊர் திரும்பும் டிக்கெட். தகடு பைக்குள்ளேயே இந்தியா வந்துடுச்சு.

சொந்தக்காரருக்கு மெசேஜ் எழுத ரெண்டு நாள் ஆச்சு. மன்னிப்புக் கேட்டு நாலு பத்தி எழுதினேன். பதில் ரெண்டே வரி. தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சிருந்தாராம். இருக்குன்னு தெரிஞ்சதே சந்தோஷம், அங்கே வந்துட்டதால உங்க ஊர் விளக்கையும் காட்டிட்டு அனுப்புங்க. நான் திட்டு வாங்கத் தயாரா இருந்தேன். திட்டியிருந்தா மனசு லேசா ஆகியிருக்கும்.

அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். சென்னையின் முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள்ள, இப்போ மியூசியமா இருக்கிற கட்டடத்து மாடியில், தேங்காய் எண்ணெயில் எரிஞ்சது. ரெண்டாவது 1844-ல் கட்டின கல் தூண், ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள இப்பவும் நிக்குது. வெளிச் சாலையில் நின்னு தகட்டைத் தூக்கிக் காட்டினேன். டீக்கடைக்காரர் ஒரு மாதிரியாப் பார்த்தார். "அண்ணே, லைட் ஹவுஸ் ஒண்ணு இருக்கு பாருங்க"ன்னேன். "அதுவா? ஏதோ தூணுன்னுல்ல நினைச்சேன்"ன்னார். மூணாவது, எம்டன் வந்தப்போ எரிஞ்சது, 1894 முதல் ஹைகோர்ட் கோபுரத்தில். கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்துக்கு ஒரு கல்வெட்டு வச்சிருக்காங்க. தினமும் ஆயிரக்கணக்கானவங்க கடந்து போற இடம். நானும் அத்தனை வருஷம் கடந்து போனவன்தான்.

நாலாவது நம்ம மெரினா லைட் ஹவுஸ். 1977 ஜனவரியிலிருந்து எரியுது. பாதுகாப்புக் காரணத்துக்காக ரொம்ப நாள் மக்களை விடாம வச்சிருந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தாங்க. லிஃப்ட் இருக்கு. மேலே போனதும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். கீழே ஒரு ஃபைபர் படகு கரைக்கு வந்துக்கிட்டு இருந்தது. அந்த மீனவர் கையிலும் ஜி.பி.எஸ். இருக்கும், கண்ணுக்கு இந்தக் கோபுரமும் இருக்கும். ரெண்டில் எது பழுதானாலும் இன்னொண்ணு கரை சேர்க்கும். பேக்கப் இல்லாத சிஸ்டத்தை நம்பிக் கடலுக்குப் போறவர் யாரும் கிடையாது.

தகட்டை மெரினா வரைக்கும் கொண்டுவந்ததைப் பதிஞ்சேன். இணையதளம் தானாகவே 13,000 கிலோமீட்டரைக் கூட்டிக்கிச்சு. ஒரு மாசம் கழிச்சு ஆன்சைட் போன டீம்மேட் ஒருத்தர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரு தடவைக்கு மூணு தடவை ஞாபகப்படுத்தினேன். அவர் யக்வினா பக்கம் ஒரு பெட்டியில் வச்சுட்டு போட்டோ அனுப்பினார். ரெண்டு வாரத்தில் யாரோ எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் மூணு மாசமா ஒரு பதிவும் இல்லை.

என்னை மாதிரியே ஒருத்தர் பைக்குள்ள வச்சு மறந்திருக்கலாம். நமக்குக் கோபப்பட உரிமை இல்லை. ஆனா ஓரிகன் பக்கம் இருக்கிற நம்ம லிஸனர்ஸ் யாராவது இதைக் கேட்டா, ஒரு உதவி. போன தடவை கடற்கரைக்கு எடுத்துட்டுப் போன பையை, உள் ஜிப் வரைக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க. இன்னும் ஐந்து விளக்கு பாக்கி இருக்கு.

அடுத்த வாரம் சந்திப்போம்.